வரவா, வருமதியா? தடைப்பட்டியல்களை நாங்கள் வாசிக்க வேண்டிய முறை

2025 மார்ச் 24ஆம் திகதி பிரித்தானியா நான்கு பேர் மீது தடை விதித்தது. இலங்கைப் படைகளின் முன்னாள் தளபதிகளான சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய மூவரும், கருணா அம்மான் என்று அறியப்பட்ட விநாயகமூர்த்தி முரளிதரனும் அந்த நால்வர்.

அது வரிக்காலம். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் உள்ள எங்கள் வீட்டு பேஸ்மென்டுக்கு, சப்பாத்துப் பெட்டிகளில் பற்றுச்சீட்டுகளைப் போட்டுக்கொண்டு எங்கள் ஆட்கள் வந்துபோகும் நாட்கள். ஒட்டாவாவுக்கு ஒன்று, கியூபெக்குக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு வரிப்படிவங்கள் நிரப்ப வேண்டும். ஆனால் அந்தக் கிழமை வந்தவர்கள் வரியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "அண்ணை, இனி அவங்கட சொத்தெல்லாம் போயிடுமோ?" என்று ஒருவர் கேட்டார். "இப்பவாவது நீதி கிடைச்சுதே" என்றார் மகனைத் தொலைத்த ஓர் அம்மா. அவருக்கு உடனே பதில் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

யாழ்ப்பாணத்தில் வணிகமாணி படித்த காலத்தில் முதலில் கற்ற பாடங்களில் ஒன்று, வரவு வேறு, வருமதி வேறு என்பது. கையில் வந்து சேர்ந்தது வரவு. வரவேண்டியிருப்பது வருமதி. இரண்டும் கணக்கில் எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் வருமதியை வரவென்று நினைத்துச் செலவு செய்யும் வியாபாரி ஐந்தொகையில் பணக்காரனாகவும் கல்லாப்பெட்டியில் ஏழையாகவும் இருப்பான். எங்கள் விடயத்தில் தடை என்பது வருமதி. அது வரவாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஒரே சொல், இரண்டு பொருள்

எங்கள் தலைமுறைக்குப் 'பொருளாதாரத் தடை' என்ற சொல் ஒட்டாவாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரவில்லை. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபோது கொழும்பிலிருந்து வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்ட பட்டியல் அது. மின்சாரமும் நின்றது. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் போட்டுப் பரீட்சைக்குப் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். புலிகளுக்கு எதிரான தடை என்று அரசு சொன்னது. விலையைக் கட்டியது குடாநாட்டுச் சனம் முழுவதும்.

இன்று கனடாவும் பிரித்தானியாவும் எங்கள் விடயத்தில் போடுவது அந்த வகைத் தடை அல்ல. இது பெயர் சொல்லி, தனி ஆட்கள் மீது போடப்படுவது. தமிழில் இரண்டையும் 'தடை' என்றே எழுதுவதால் குழப்பம் வருகிறது.

ஒரு நாட்டின் மீதான தடை, குறி வைத்த இடத்தோடு நின்றுவிடுவதில்லை. இதற்கு எங்கள் தீவே சாட்சி. 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானின் மசகெண்ணெயைச் சுத்திகரிப்பதற்கு ஏற்றபடி அமைந்தது. 2012இல் ஈரானின் எண்ணெய் வியாபாரத்தை அமெரிக்கா இறுக்கியபோது, சண்டையில் எந்தப் பக்கமும் இல்லாத இலங்கை எண்ணெய்க்குத் தவித்தது. அந்த ஆண்டு பெப்ரவரியில் அரசு எரிபொருள் விலையைக் கூட்டியது. மண்ணெண்ணெய் விலை ஏறத்தாழ அரைவாசியால் கூடியது. சிலாபத்தில் ஆர்ப்பாட்டம் செய்த மீனவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஷிங்டன் தெஹ்ரான் மீது போட்ட தடைக்கான செலவில் ஒரு பங்கு சிலாபக் கடற்கரையில் கட்டப்பட்டது.

அந்தக் கணக்கு அதோடு முடியவில்லை. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடன் நிலுவையில் நின்றது. தடையினால் வங்கி வழியாக அதைக் கட்டுவது பெரும் சிக்கல். 2021 டிசம்பரில் ஓர் உடன்பாடு வந்தது. மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பிக் கடனைக் கழிப்பது. கணக்குப் பார்த்தால் நான்கு ஆண்டுகளுக்கு மேல் செல்லும். தேயிலை உணவுப் பொருள் என்பதால் தடையை மீறியதாகாது என்று கொழும்பு விளக்கம் சொன்னது. அந்தக் கொழுந்தில் பெரும்பங்கைப் பறிப்பவர்கள் மலையகத் தமிழ்ப் பெண்கள். யாருடைய தடையை யாருடைய உழைப்பு கழிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எங்களுக்குக் கிடைக்காது.

கனடாவின் பட்டியல் செய்வதும் செய்யாததும்

2023 ஜனவரி 10ஆம் திகதி கனடா நான்கு இலங்கையரைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. மகிந்த ராஜபக்ச, கோட்டாபய ராஜபக்ச, இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்க, கடற்படை அதிகாரி சந்தன ஹெட்டியாராச்சி. முன்னாள் ஜனாதிபதிகள் இருவரைப் பெயர் சொல்லித் தண்டித்த அந்த நாளை மொன்றியலிலும் றொரன்ரோவிலும் எங்கள் மக்கள் மறக்கமாட்டார்கள்.

அதற்குப் பயன்பட்டது 1992ஆம் ஆண்டின் விசேட பொருளாதார நடவடிக்கைகள் சட்டம். மோசமான மனித உரிமை மீறல்களையும் தடைக்குக் காரணமாக்கலாம் என்ற திருத்தம் 2017இல் வந்தது. அதன் விளைவுகளைச் சுருக்கமாகச் சொன்னால் இவைதான். கனடாவில் உள்ள எவரும், வெளிநாட்டில் உள்ள கனடியரும், பட்டியலில் உள்ளவரின் சொத்தைக் கையாளக் கூடாது. அவருக்கு நிதிச் சேவை வழங்கக் கூடாது. அவர் கனடாவுக்குள் வர முடியாது. வங்கிகள் தங்களிடம் அவருடைய சொத்து உண்டா என்று தொடர்ந்து பார்த்து, இருந்தால் அறிவிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடக்கம் என்றால் பறிமுதல் அல்ல. முடக்கப்பட்ட வீடு அவர் பெயரிலேயே இருக்கும்; விற்கவும் முடியாது, வாடகை வாங்கவும் முடியாது. பறிமுதல் செய்வதற்கான வழி 2022இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதற்கு மந்திரிசபையின் தனிக் கட்டளையும் நீதிமன்றத் தீர்ப்பும் வேண்டும். அதற்கும் முதல், இந்த நாட்டில் சொத்து ஒன்று இருக்க வேண்டும். இல்லாத சொத்தை முடக்கினால் பேரேட்டில் தலைப்பு இருக்கும், தொகைக்குப் பூச்சியம் இருக்கும்.

அப்படியானால் வீணா? இல்லை. சுனில் ரத்நாயக்க என்ற பெயரைப் பாருங்கள். 2000 டிசம்பரில் மிருசுவிலில் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போன எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். 2015இல் அவருக்கு மரணதண்டனை தீர்க்கப்பட்டது. 2019இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் கோட்டாபய ராஜபக்ச மன்னிப்பளித்து விடுவித்தார். சொந்த நாட்டு நீதிமன்றம் எழுதிய கணக்கையே ஒரு கையெழுத்தால் அழித்த பிறகு, இன்னொரு நாடு அந்தக் கடனை மீண்டும் பேரேட்டில் ஏற்றியது. வருமதி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். கடன் இருக்கிறது என்று எழுத்தில் ஏற்றுக்கொள்வது சின்ன விடயமல்ல. ஆனால் அது அறவிடப்பட்டதும் அல்ல.

எந்தப் பட்டியலிடமும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இனி ஒரு தடை அறிவிக்கப்படும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். யார் மீது? எப்போது? போட்டவருக்கு என்ன செலவு?

கனடாவின் 2023 பட்டியலை எடுப்போம். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. ஜூலையில் கோட்டாபய நாட்டைவிட்டு ஓடிப் பதவி விலகினார். தடை வந்தபோது பட்டியலில் இருந்த இரு ராஜபக்சக்களும் ஆட்சியில் இல்லை. கனடாவுக்கு அதனால் இழக்கப் பெரிதாக எதுவுமில்லை. பட்டியல் நியாயமானது. ஆனால் மலிவான நேரத்தில் வாங்கப்பட்டது.

கருணாவின் கணக்கு இன்னும் கசப்பானது. அவர் புலிகளிலிருந்து பிரிந்து அரசின் பக்கம் நின்றவர். 2007 நவம்பரில் லண்டனில் கைதாகி, பொய்ப் பெயரிலான கடவுச்சீட்டில் வந்த குற்றத்துக்கு ஒன்பது மாதத் தண்டனை பெற்றார். சித்திரவதை, கடத்தல், சிறுவர்களைப் படையில் சேர்த்தல் ஆகியவற்றுக்காக அவரை அங்கேயே விசாரிக்க வேண்டும் என்று மனித உரிமை அமைப்புகள் கேட்டன. போதிய ஆதாரமில்லை என்று சொல்லி 2008இல் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு அவர் பாராளுமன்ற உறுப்பினரானார். கையில் இருந்தவரை விட்டுவிட்டு, 17 ஆண்டுகளுக்குப் பிறகு 'இங்கே வராதே' என்கிறது அந்தத் தடை.

செலவு செய்து போட்ட தடையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் நேர்மையான கணக்காளர்கள் அல்ல. 2020 பெப்ரவரியில் சவேந்திர சில்வாவுக்கு அமெரிக்கா நுழைவுத்தடை போட்டபோது அவர் பதவியில் இருந்த இராணுவத் தளபதி. கோட்டாபய பதவியில் இருந்த ஜனாதிபதி. அது இராஜதந்திரச் செலவோடு வந்த முடிவு. ஆனால் அதே அமெரிக்கா தன் கரையோரக் காவல்படையின் பழைய கப்பல்களை இலங்கைக் கடற்படைக்குக் கொடுத்தும் வருகிறது. ஒரு பேரேட்டில் இரண்டு பக்கமும் பதிவு விழுகிறது.

இதை ரஷ்யாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த சில நாட்களிலேயே, ரஷ்ய மத்திய வங்கியின் ஏறத்தாழ 300 பில்லியன் டொலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. மார்ச் மாதத்தில் ஏழு ரஷ்ய வங்கிகள் சுவிஃப்ட் வலையமைப்பிலிருந்து நீக்கப்பட்டன. ஐரோப்பா தன் எரிவாயுக் கட்டணம் எகிறுவதையும் பொறுத்துக்கொண்டது. காரணம் அனுதாபம் மட்டுமல்ல. போர் அவர்களுடைய எல்லையில் நடந்தது. 2009இல் எங்கள் போர் எவருடைய எல்லையிலும் நடக்கவில்லை. உயிரின் பெறுமதியில் வேறுபாடில்லை. உயிருக்காக மற்றவன் கட்டத் தயாராக இருக்கும் விலையில்தான் வேறுபாடு.

அணி மாறினால் பட்டியலும் மாறும்

எங்கள் பகுதியில் லெபனானியரும் சிரியரும் நிறைய. பாண் வாங்கப் போனாலே மத்திய கிழக்கு அரசியல் காதில் விழும். 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழும்வரை, இன்றைய சிரியத் தலைவர் அகமது அல் ஷராவின் தலைக்கு அமெரிக்கா 10 மில்லியன் டொலர் விலை வைத்திருந்தது. 2025 ஜூலையில் அவருடைய அமைப்பைப் பயங்கரவாதப் பட்டியலிலிருந்து அமெரிக்கா நீக்கியது. நவம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை அவர் மீதான தடையை எடுத்தது. பட்டியல் ஒரு மனிதரின் கடந்த காலத்தை மட்டும் பார்ப்பதில்லை. இன்று அவர் யாருக்குத் தேவை என்பதையும் பார்க்கிறது.

இலங்கையின் சொந்தப் பட்டியலும் அப்படித்தான். 2014இல் புலிகளோடு சேர்த்து 16 அமைப்புகளையும் 424 பேரையும் தடைசெய்தார்கள். புலம்பெயர்ந்த எத்தனையோ குடும்பங்கள் தாய் தகப்பனின் செத்தவீட்டுக்கும் போகப் பயந்தன. ஆட்சி மாறியபின் சிலரை எடுத்தார்கள். 2021இல் மீண்டும் சேர்த்தார்கள். 2022 ஓகஸ்டில், கஜானாவில் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது, 6 அமைப்புகளையும் 316 பேரையும் நீக்கினார்கள். ஒன்றரை வருடத்தில் அந்த ஆட்கள் மாறவில்லை. அரசின் காசோட்டம் மாறியிருந்தது.

பெரிய நாடுகளின் அணிகளும் இதே விதிப்படிதான் நகர்கின்றன. 2009 மே 27ஆம் திகதி, முள்ளிவாய்க்கால் முடிந்து ஒன்பதாம் நாள், ஜெனிவா மனித உரிமைகள் சபையில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29க்கு 12 என்று நிறைவேறியது. சீனா, ரஷ்யா, இந்தியா, கியூபா எல்லாம் ஆதரவாகவே வாக்களித்தன. மூன்று ஆண்டுகளில், 2012 மார்ச்சில், இலங்கைக்குப் பாதகமான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவளித்தது. 1987 ஜூலை ஒப்பந்தத்தோடு கைமாறிய கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் இருந்தன. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் இந்தியா கையெழுத்திட்ட உடன்பாடுகளில் பாதுகாப்பு ஒத்துழைப்பும் திருகோணமலை எரிசக்தி மையமும் இருந்தன. பிரித்தானியாவின் தடை வந்து அப்போது 12 நாட்கள்தான். 38 ஆண்டுகளாகத் திருகோணமலை மேசையில் இருக்கிறது. எங்கள் விடயம் மேசைக்கு வரும், போகும்.

கனடாவும் இந்த ஓட்டத்துக்கு வெளியே இல்லை. 2025இல் அமெரிக்காவே கனடிய உருக்கு, அலுமினியத்தின் மீது வரி போட்டது. அந்த ஜூனில் ஒட்டாவா ஐரோப்பிய ஒன்றியத்தோடு பாதுகாப்புக் கூட்டுறவு ஒன்றில் கையெழுத்திட்டது. 2023 முதல் முறுகியிருந்த இந்திய உறவையும் ஒட்டவைக்கத் தொடங்கியது. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இந்தியா மீது அமெரிக்கா போட்ட மேலதிக வரியால் ஓகஸ்டில் மொத்த வரி 50 வீதமானது. திருப்பூர் பின்னலாடைத் தொழில் தடுமாறியது. எங்கள் பகுதியின் ஷபானெல் வீதித் தையல் ஆலைகளில் கைவிரல் தேய வேலை செய்தவர்களுக்கு, எங்கோ போடும் வரி எப்படித் தையல் மெசினை நிறுத்தும் என்று விளக்கத் தேவையில்லை. நட்பு நாடுகளுக்கே வரி விழும் காலத்தில், எங்களுக்காக எந்த அரசு எவ்வளவு செலவு செய்யும் என்பதைக் கண்ணைத் திறந்துகொண்டு மதிப்பிட வேண்டும்.

எங்கள் பெயரும் சிக்கும்

தடை இயந்திரம் பெயர்களைப் பொருத்திப் பார்த்து இயங்குவது. எங்கள் பெயர்கள் அதற்குப் பொருந்தாதவை. தகப்பன் பெயர் ஓரிடத்தில் குடும்பப் பெயர், இன்னோரிடத்தில் முதலெழுத்து. ஒரே ஆளுக்கு மூன்று பத்திரத்தில் மூன்று எழுத்துக்கூட்டல். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு எங்கள் வீட்டிலிருந்து அனுப்பிய 800 டொலர் பதினொரு நாட்கள் வழியில் நின்றது. பெயர் ஒத்துப்போகிறது என்று மட்டும் சொன்னார்கள். பிறந்த திகதி, அடையாள அட்டை, உறவுமுறைக் கடிதம் எல்லாம் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

ஆகவே சில நடைமுறைகள். காசு அனுப்பும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே முழுப்பெயரை எழுதுங்கள், பெறுபவருக்கும் அப்படியே. நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டுகளைக் குறைந்தது ஆறு ஆண்டுகளுக்கு வையுங்கள். ஊர்ச் சங்கத்துக்கோ பாடசாலைக்கோ சேர்க்கும் காசு என்றால் யார் கொடுத்தது, யாரிடம் போனது என்று எழுதி வையுங்கள். தனி ஒருவரின் கணக்கில் பொதுக் காசு போடாதீர்கள்.

வருமதியை அறவிடுவது எப்படி

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். நீதி வரவாக வந்ததை நாங்கள் இதே நகரத்தில் ஒரு தடவை கண்டிருக்கிறோம், ஆனால் எங்களுக்காக அல்ல. ருவாண்டா இனப்படுகொலையில் ஈடுபட்ட டெசிரே முன்யானேசா என்பவர் 2005இல் கனடாவில் கைதானார். 2000ஆம் ஆண்டின் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் மற்றும் போர்க்குற்றங்கள் சட்டத்தின் கீழ் வந்த முதல் வழக்கு அது. மொன்றியல் நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டுகள் நடந்தது. சாட்சியம் எடுக்க ருவாண்டாவுக்கும் போனார்கள். 2009 மே 22ஆம் திகதி குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பின்னர் ஆயுள் தண்டனை. அந்தக் கிழமைதான் நாங்கள் முள்ளிவாய்க்காலுக்காகத் தெருவில் நின்றோம்.

அந்தத் தீர்ப்பைப் பெற்றுத்தந்தவர்கள் யார்? எந்த அணியும் அல்ல. என்ன நடந்தது, எங்கே நடந்தது, யார் செய்தது என்று திகதியோடு சொல்லக்கூடியவர்களாக உயிரோடிருந்த சாட்சிகள். 2008இல் கருணாவுக்கு ஆதாரம் போதாது என்று சொன்னதையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

2021இல் ஜெனிவாத் தீர்மானம் ஒன்றின் கீழ், இலங்கை பற்றிய சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் அலுவலகம் ஐ.நா. மனித உரிமை ஆணையாளரின் கீழ் உருவானது. 2025 ஒக்டோபரில் அதன் ஆயுளை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டினார்கள். தடைகளும் வழக்குகளும் இத்தகைய கோப்புகளிலிருந்துதான் பிறக்க முடியும்.

கணக்கியலில் நாள்பட்ட வருமதி முதலில் ஐயக்கடன் ஆகும். பிறகு அறவிடமுடியாக் கடன் என்று வெட்டப்படும். அப்படி வெட்டாமல் வைத்திருக்கக் கடன்காரனின் கையெழுத்து, திகதி, சாட்சி வேண்டும். எங்களிடம் சாட்சிகள் வயதாகிப் போகிறார்கள். ஒவ்வொரு செத்தவீட்டிலும் ஒரு கோப்பு எரிந்துபோகிறது.

அந்த அம்மா அடுத்த கிழமை வரிப்படிவத்தில் கையெழுத்துப் போட வந்தபோது, மகனைப் பற்றி எழுதிவைத்தது ஏதும் உண்டா என்று கேட்டோம். "எல்லாம் தலைக்குள்ள இருக்குது, தம்பி" என்றார். பிடித்துக்கொண்டு போன திகதி, இடம், கூட நின்றவர்களின் பெயர், பிறகு ஏறி இறங்கிய முகாம்கள் என்று அவர் சொல்லச்சொல்ல எழுதினோம். நான்கு பக்கம் வந்தது. எந்த வகுப்பில் சேர்ப்பதென்று தெரியாத இரண்டு பற்றுச்சீட்டுகளும் அவருடைய பெட்டியில் இருந்தன. காணாமற்போன மகனைத் தேடி ஆணைக்குழுவுக்குக் கொடுத்த மனுக்களுக்கான துண்டுகள். வரிக்கு அவை உதவாது. அவற்றைத்தான் முதலில் பிரதி எடுத்தோம்.